பத்தரை மணிக்குப் படித்த பக்கம்

கண் பிரிவில் நடந்த திருட்டை ஒரு மாணவி ஆறே நிமிடத்தில் கண்டுபிடித்தாள். உட்கார்ந்த நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவே இல்லை. அந்த ஆறு நிமிடத்திலும் நான்கு நிமிடம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். வரிசையில் முதல் ஆள், அவளுடைய சொந்த அத்தை.

பெண்ணுக்குப் பட்டப்பெயர் பம்பரம். நான்காம் வருட மருத்துவ மாணவி. எலும்பு, தோல், பிரசவம், காது மூக்கு தொண்டை என்று பதினைந்து நாளுக்கு ஒரு வார்டாகச் சுழன்றதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. எலும்பு வார்டில் மாவுக்கட்டு பழகிய அன்று நோயாளியின் காலோடு தன் கைக்கடிகாரத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். ஆறு வாரம் அந்த மனிதர் காலில் காதை வைத்து மணி கேட்டுக்கொண்டிருந்தாராம்.

அத்தை கண் பிரிவின் தலைமை நர்ஸ். "மழை பெய்யுது அத்தை" என்று பம்பரம் சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். வேலை நேரத்தில் உறவும் கிடையாது. "இங்க நான் அத்தை இல்ல, சிஸ்டர்."

அன்று கண் பிரிவில் பம்பரத்துக்குக் கடைசி நாள். மறுநாள் குழந்தைகள் வார்டு. கிளம்புமுன் பயிற்சிப் பதிவேட்டில் துறைத் தலைவரின் கையெழுத்து விழ வேண்டும். ஒரு வார்டின் கையெழுத்து குறைந்தாலும் தேர்வு கிடையாது. ஆறு மாதம் அம்போ.

காலை 9.30. கண்ணின் பின்சுவரைப் பார்க்கப் பயிற்சி. அதற்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை யாராவது ஒருவர் கண்ணில் விட்டுக்கொள்ள வேண்டும். மாணவர்கள் எட்டுப் பேரும் பின்வாங்கினார்கள்.

"என்னால முடியாதுப்பா. இன்னிக்குப் பதிவேடு பூரா எழுதி முடிக்கணும்."

"எனக்கும்தான்!"

மேற்படிப்பு படிக்கும் சீனியர் நெஞ்சை நிமிர்த்தினார். "பயந்தாங்கொள்ளிங்களா! ரெண்டு கண்ணுலயும் விடுங்க. இதுவரைக்கும் கண்ணாடியே கேக்காத கண்ணு இது. கிட்டவும் தெரியும், தூரத்துல பறக்குற காக்காவோட இறகையும் எண்ணுவேன்."

சொட்டு விட்டது அத்தைதான். எட்டுப் பேரும் முறை வைத்து அந்தக் கண்களுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

10.10. உள்ளே படுத்திருந்த நோயாளி ஒருவரைப் பார்க்க, கண்ணுக்குள் பார்க்கும் துறையின் புதிய கைவிளக்கைப் பம்பரம் அலமாரியிலிருந்து எடுத்தாள். எடுத்த நேரத்தை, எடுப்பதையும் வைப்பதையும் குறிக்கும் அலமாரி நோட்டில் எழுதினாள். 10.20-க்குத் திரும்ப வைத்து, அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இது அவள் சொன்னது.

11.00. அறுவை அரங்கிலிருந்து துறைத் தலைவர் வந்தார். எல்லோருக்கும் அவர் மேடம். அலமாரியைத் திறந்தார். விளக்கு இல்லை. நோட்டைப் புரட்டினார். அன்றைய பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

அடுத்த நிமிடம் எல்லோரும் அவர் அறையில் நின்றார்கள். சீனியர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"கடைசியா யார் எடுத்தது?"

"நான், மேடம். எடுத்தேன், திரும்ப வச்சேன்."

"சீனியர்?"

"சொல்லக் கஷ்டமா இருக்கு மேடம். பத்தரை மணிக்கு நோட்டு மேஜை மேல திறந்து கிடந்துச்சு. நானே படிச்சேன். பத்து பத்துக்கு எடுத்ததா இந்தப் பொண்ணு பேரு இருந்துச்சு. திரும்ப வச்ச கட்டம் காலி. இப்ப பக்கத்தையே காணோம்."

மேடத்தின் முகம் கறுத்தது. "திருடிக்கு என் பிரிவுல கையெழுத்து கிடையாது. டீன் வந்து உன் பையைச் சோதிக்கிற வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு அசையக் கூடாது!"

பம்பரம் உட்கார்ந்தாள். நிதானமாகப் பையைத் திறந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தாள்.

அத்தை பல்லைக் கடித்தாள். "ஏண்டி, மானம் போகுது, உனக்குத் தீனி கேக்குதா?"

"பசிக்குது சிஸ்டர். தப்பு செஞ்சவங்களுக்குத்தான் தொண்டையில இறங்காது." ஒன்றைக் கடித்தாள். "மேடம், டீன் வர்றதுக்குள்ள விளக்கை எடுத்தவங்களைக் காட்டுறேன். அசையாமலே காட்டுறேன்."

"என்ன திமிர் இவளுக்கு!"

"இருக்கட்டும் மேடம். அண்ணா, நோட்டை எப்படிப் படிச்சீங்க? பூதக்கண்ணாடி வச்சா?"

"எதுக்கு? கையில எடுத்து வெறுங்கண்ணாலதான் படிச்சேன்."

"வேற யாராவது படிச்சுச் சொன்னாங்களா?"

"நானேதான். எத்தனை தடவை சொல்றது?"

பம்பரம் இன்னும் இரண்டு பிஸ்கட்டை மென்று முடித்தாள். அறையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு உட்கார்ந்தபடியே மேஜைமேல் இருந்த சொட்டு மருந்தின் அட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"இதுல பொடி எழுத்துல என்ன போட்டிருக்கு? படிங்க அண்ணா."

சீனியர் பெட்டியை வாங்கினார். முகத்தருகே கொண்டுபோனார். தள்ளினார். கை முழுசாக நீண்டது. இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் பெட்டி அடுத்த வார்டுக்கே போயிருக்கும். ஒரு எழுத்துகூட வாயிலிருந்து வரவில்லை.

"ஒன்பதரைக்கு ரெண்டு கண்ணுலயும் இந்த மருந்து விட்டாங்க மேடம். சாயங்காலம் வரைக்கும் கிட்டத்து எழுத்து எல்லாம் வெறும் புகை. அதனாலதான் நாங்க எட்டுப் பேரும் மாட்டேன்னோம். எட்டுப் பேருக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். யாரும் யோசிக்கல. பத்தரை மணிக்கு இவர் எதைப் படிச்சாரு?"

மேடம் விடவில்லை. "கிட்டப்பார்வை உள்ளவனா இருந்தா, மருந்து விட்டாலும் கண்ணாடியைக் கழட்டிட்டுப் படிச்சிடலாம்."

"கண்ணாடியே கேக்காத கண்ணுன்னு அவரே மார் தட்டினாரு மேடம். காக்கா இறகு வரைக்கும் எண்ணுவாராம்."

மேடம் சீனியரின் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளிச்சம் பட்டதும் கண்கள் கூசின. கண்மணிகளோ சட்டைப் பொத்தான் அளவுக்கு விரிந்தே நின்றன.

"விளக்கு எங்கே?"

சீனியர் உடைந்துபோனார். "என் மேஜை இழுப்பறையில இருக்கு மேடம். இவ பத்து பத்துக்கு எடுத்ததையும் திரும்ப வச்சதையும் பார்த்தேன். அதுக்கப்புறம் நான் எடுத்தேன். நோட்டுல குத்துமதிப்பா எழுதிட்டுத்தான் எடுத்தேன். கண்ணு மங்கலா இருந்துச்சு, மேஜை விளிம்பு தெரியல, கீழ போட்டு உடைச்சிட்டேன். அவ வச்சதும் நான் எடுத்ததும் ஒரே பக்கத்துல இருந்துச்சு, கிழிச்சிட்டேன்."

"பழியை இவ மேல ஏன் போட்டே?"

"நாளைக்கு வேற வார்டுக்குப் போறவதானே மேடம். பழியும் அவளோடயே போயிடும்னு நினைச்சேன்."

"போகும் அண்ணா," என்றாள் பம்பரம். "இன்னும் ஏழு வார்டு இருக்கு. ஏழுலயும் எனக்கு முன்னாடி அதுதான் போய் நிக்கும்."

மணி 11.14. மேடம் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து பதிவேட்டுக்குக் கை நீட்டினார். பம்பரம் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அடியே, குடுடி!" என்று பதறினாள் அத்தை.

"கையெழுத்து அப்புறம் மேடம். எல்லார் முன்னாடியும் திருடின்னு சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லுங்க. அது வரைக்கும் நான் அசையறதா இல்ல."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார்.

"இந்தப் பொண்ணு திருடலை. விசாரிக்காம சொன்னது என் தப்பு."

பம்பரம் பதிவேட்டை நீட்டினாள்.

மறுநாள் காலை 7.50. கண் பிரிவுத் தொலைபேசி அலறியது. இரண்டு மாடி ஏறுவதற்குள் கதைக்கு மீசை முளைத்திருந்தது. குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ் கேட்டாள்: "உன் அண்ணன் பொண்ணு இன்னிக்கு எங்க வார்டுக்கு வர்றா. ஏதோ திருட்டுக் கேஸாமே? ஒருத்தர் அவ திருடினாங்கிறாங்க, இன்னொருத்தர் அவதான் புடிச்சாங்கிறாங்க. பெரிய மேடத்தையே எழுந்து நிக்க வச்சாளாமே! இதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு? இவளை உள்ள விடலாமா வேண்டாமா?"

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"விடு. நடந்துச்சு. நான் அங்கதான் நின்னேன்."