ஆள் கிடைத்துவிட்டார்

ஊருக்கே கேட்கும்படி தினமும் ஒலிக்கும் சாயங்காலம் ஐந்து மணி இசை ஓய்ந்ததும் கம்பத்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"முதியவர் ஒருவரைக் காணவில்லை. வயது எண்பத்தொன்று. பழுப்பு மேலங்கி, கறுப்புக் காலணி..."

அது தோகுஜி. மிசாவோவின் மாமனார். நினைவு தப்பியவர். மகன் தோக்கியோ வேலையிலிருந்து வர ராத்திரியாகும். இந்த ஊர் ஆண்கள் எல்லாருமே அப்படித்தான். பகலில் ஊரைக் காப்பது கிழங்களும் ஒலிபெருக்கியும். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. சீக்கிரம் கிடைக்காவிட்டால் கிழவர் விறைத்துப்போவார்.

பக்கத்து வீட்டு ஹதானோ கைவிளக்கோடு கிளம்பினாள். "நீ வீட்லயே இருடி. உங்க மாமா தாமரைக் குளத்தைத் தேடிப் போயிருப்பாரு."

"அந்தக் குளம்தான் இல்லையே அக்கா!"

"அது அவருக்குத் தெரியணுமே."

ஊருக்கு ரயில் பாதை வந்தபோது குளத்தை விற்றதே தோகுஜிதான். அதற்கு முன்பே, தாமரைக் கிழங்கு தோண்ட இறங்கிய அவர் அண்ணன் கிஹெய் அந்தச் சேற்றில் புதைந்துபோயிருந்தார். உடல் கிடைக்கவில்லை. மண்ணைக் கொட்டி மேடாக்கி வரிசையாக வீடுகள் கட்டினார்கள். இந்த வீடும் அதில் ஒன்று.

வாசல் கதவு நகர்ந்தது. மிசாவோ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கூனல் முதுகு ஒன்று நேரே குளியலறைக்குள் போனது.

"மாமா! எங்க போனீங்க? ஊரே தேடுது!"

"குளிருதும்மா..."

அவளுக்கு உயிர் வந்தது. உடனே காவல் நிலையத்துக்குப் போன் செய்து, மாமா வந்துவிட்டார், இனித் தேட வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி பேசியது. "ஆள் கிடைத்துவிட்டார். தேடியவர்களுக்கு நன்றி." தெருவில் கைவிளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

வழக்கம்போல மாமாவின் காலணியை வாசல் பார்க்கத் திருப்பி வைக்கக் குனிந்தாள்.

காலணி இல்லை.

வெறுங்கால் தடங்கள். கறுத்த சேறு. அழுகிய தாமரைத் தண்டின் நாற்றம்.

குளியலறைக் கதவருகே போய் நின்றாள். உள்ளே தண்ணீர் அலம்பியது.

"மாமா... காலணி எங்க?"

"தோகுஜி போட்டிருக்கான்."

அவள் கதவில் கை வைத்தாள்.

"என் இடத்துல அவன் இருக்கான். தேட வேணாம்னு நீதானேம்மா சொன்ன."

கதவை இழுத்தாள். யாரும் இல்லை. தொட்டி விளிம்புவரை சேற்றுத் தண்ணீர்.

மறுபடி தேடினார்கள். விடிந்தும் தேடினார்கள். தோகுஜி கிடைக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணி இசை ஒலித்தபோது மிசாவோ வாசலுக்கு வந்தாள். கறுப்புக் காலணிகள் இரண்டும் வெளியே பார்த்தபடி ஒழுங்காகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

அவற்றின் உள்ளே, விளிம்புவரை ஈரச் சேறு.