அம்மா பங்குக்கு வந்த மெஷின்

பெருமாநல்லூரில் தேஜஸ்ரீயின் வீடு மாடியில் இருந்தது. கீழே அப்பா சாமியப்பனின் கம்பெனி. கம்பெனி என்றதும் வானத்தைத் தொடும் கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். நீளமாக ஒரு கூடம், வரிசையாகத் தையல் மெஷின்கள், திரும்பிய பக்கமெல்லாம் பனியன் துணி. அவ்வளவுதான்.

அந்தக் கூடத்தின் மூலையில் புதிதாக ஒரு விருந்தாளி வந்து நின்றது.

ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை. அதில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புச் சாமான். பக்கவாட்டில் பெரிய சக்கரம், அதற்கு ஒரு கைப்பிடி, மேலே பல் சக்கரங்கள், நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு தண்டு. தண்டுக்கு நேர் கீழே ஒரு வட்டத் தட்டு, தட்டின் நடுவில் ஓட்டை. உச்சி முதல் அடி வரை பச்சைப் பெயிண்ட். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால்கூடச் சக்கரம் அசையாது. தேஜஸ்ரீ தொங்கிப் பார்த்துவிட்டாள்.

அது அம்மா வேலுமணியின் பங்கு. வெள்ளகோவிலில் பட்டறை வைத்திருந்த அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, போன வருஷம் காலமாகிவிட்டார். பட்டறைச் சாமான்களைப் பிரித்தபோது பெரிய மாமன் லேத்து மெஷினை எடுத்துக்கொண்டார். சின்ன மாமன் வெல்டிங் செட்டை எடுத்துக்கொண்டார். "உனக்கு என்ன வேணும் கண்ணு?" என்று அம்மாவைக் கேட்டபோது, மூலையில் கிடந்த இதைக் கைகாட்டினார். மாமன்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

"இது என்ன மெஷினுங்கம்மா?" என்று தேஜஸ்ரீ கேட்டாள்.

"தெரியலையே கண்ணு! எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து இது ஓடி நான் பார்த்ததே இல்லை."

சரி, வந்தது வந்துவிட்டது, ஓரமாக நிற்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஆயுத பூஜை வந்துகொண்டிருந்தது. பூஜை வந்தால் திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியும் சும்மா இருக்காது. ஒட்டடை அடித்து, மெஷின்களைத் துடைத்து, வேண்டாத சாமான்களையெல்லாம் வெளியே தள்ளுவார்கள். அப்பாவும் தள்ள ஆரம்பித்தார்.

"வேலுமணி, அந்த மூலையில துணி ஓரம் அடிக்கற புது ஓவர்லாக் மெஷின் போடோணும். பழைய இரும்பு எடுக்கற அங்கமுத்துகிட்டச் சொல்லிட்டேன். பூஜைக்கு முந்தின நாள் காத்தால வண்டியோட வந்துருவாரு."

"சரீங்க," என்றார் அம்மா.

அம்மா சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் அன்று சமையலறையில் பாத்திரங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா! குண்டான் டமார் என்றது. கரண்டி டணார் என்றது. ஒரு பாவமும் அறியாத டம்ளர் ஒன்று உருண்டு வாசல்படிக்கே வந்துவிட்டது. தேஜஸ்ரீ அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ஏனுங்கம்மா, உங்களுக்கு அதைக் கொடுக்க மனசில்லீங்களா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆயுத பூஜை அன்னிக்கு எங்கப்பா பட்டறையில இருக்கற சாமானுக்கெல்லாம் அவரே பொட்டு வைப்பாரு. இது ஒண்ணுக்கு மட்டும் நான்தான் வைக்கோணும். கையெட்டாத வயசுல என்னைத் தூக்கிப் புடிச்சுக்குவாரு. கல்யாணம் ஆகற வரைக்கும் வருஷா வருஷம் நான்தான் வெச்சேன். அதான் கேட்டு வாங்குனேன். உங்கப்பா சொல்றதும் நாயந்தானே? சும்மா நிக்கறதுக்கு எடத்தை அடைச்சா எப்படி?"

அம்மா ஆசையாகக் கேட்டு வாங்கியது இந்த ஒன்றுதான். அதுவும் போய்விட்டால்? எப்படியாவது இதைப் போகவிடாமல் தடுத்தே ஆக வேண்டும் என்று தேஜஸ்ரீ நினைத்துக்கொண்டாள்.

முதலில் அது என்ன மெஷின் என்று தெரிய வேண்டுமே! பள்ளிக்கூடம் விட்டதும் ரோஸ்மேரியைக் கூட்டி வந்தாள். ரோஸ்மேரி அவள் வகுப்புத்தான். அவளுடைய அப்பா ஆரோக்கியராஜ் கீழே கம்பெனியில் டெய்லர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம்.

ரோஸ்மேரி மெஷினைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். எக்கிப் பார்த்தாள்.

"இது தெரியலையா பிள்ள ஒனக்கு? ஐஸ் சீவுத மெஷின்லா! எங்க ஊரு கோயில் கொடைக்கு வரும். தட்டுல ஐஸ்கட்டிய வச்சு, சக்கரத்தச் சுத்தினா பொலபொலன்னு உதிரும். மேல சர்பத்த ஊத்தித் தருவாங்க."

இரண்டு பேருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் பட்டறையில் எதற்கு ஐஸ்?

கம்பெனிக்கு வந்தவர் போனவரையெல்லாம் பிடித்துக் கேட்டார்கள். பட்டன் கட்டுகிறவர் பார்த்துவிட்டு, "பழைய காலத்துப் பட்டன் மெஷின்," என்றார். அட்டைப்பெட்டி கொண்டுவந்தவர், "பெட்டிக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்கற மெஷினுங்க," என்றார். டீ கொண்டுவந்த அண்ணன், "கரும்பு ஜூஸ் மெஷின், சந்தேகமே வேண்டாம்!" என்று சத்தியம் செய்தார். அவரவருக்கு அவரவர் தொழில்தான் கண்ணில் தெரிந்தது. கேட்கக் கேட்கத் தலை சுற்றியதே ஒழிய, சக்கரம் சுற்றவில்லை.

"யாரையும் கேட்க வேண்டாம். நாமே பார்க்கலாம்," என்றாள் தேஜஸ்ரீ.

தட்டுக்கு அடியில் அப்பிப் போயிருந்த கருப்பு மசியை ஒரு குச்சியால் சுரண்டினாள். மசியோடு ஏதோ வந்தது. பனியன் துணியில் வைத்துத் துடைத்தாள். சின்னதாக ஒரு இரும்புச் சுருள். இன்னொன்று வந்தது. அதுவும் சுருள்.

"பென்சில் சீவுனா வர்ற மாதிரில்லா இருக்கு!" என்றாள் ரோஸ்மேரி.

தேஜஸ்ரீ நெட்டுக்குத்தாக நின்ற தண்டைப் பார்த்தாள். அதன் முனையில் எதையோ செருகுவதற்கு ஒரு வாய், இறுக்குவதற்கு ஒரு திருகாணி. நேர் கீழே தட்டில் ஓட்டை. தண்டு சுற்றிக்கொண்டே இறங்கினால் தட்டின் மேல் வைத்த இரும்பு என்னவாகும்?

"ரோஸி! இது இரும்புல துளை போடற மெஷின்!"

ஒரே ஓட்டமாக ஓடி அப்பாவை இழுத்து வந்தாள். அப்பா சுருளைக் கையில் வைத்துப் பார்த்தார். தண்டைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட! கையில சுத்தற டிரில்லிங் மெஷின்! கெட்டிக்காரி கண்ணு நீ. இத்தனை பேர் பார்த்தோம், ஒருத்தருக்கும் தோணலையே!"

"அப்போ கொடுக்க வேண்டாமுங்களாப்பா?"

அப்பா கைப்பிடியைப் பிடித்து ஒரு தம் கட்டித் தள்ளினார். சக்கரம் கல்லாக நின்றது. அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"சுத்தாத மெஷினை வெச்சுட்டு என்ன கண்ணு பண்றது? உள்ள என்னவோ ஒடைஞ்சு கெடக்குது. புது மெஷின் வேற வருதே." அவர் தேஜஸ்ரீயின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது தேஜஸ்ரீக்கு. ரோஸ்மேரி அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் அப்பாவின் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

பூஜைக்காக ஆரோக்கியராஜ் தன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சுற்றுகிற இடத்தில் எல்லாம் மெஷின் உடம்பில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு. அதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள் தேஜஸ்ரீ. திருப்பூர்ப் பிள்ளைகளில் அதைப் பார்க்காதவர்கள் யார்? ஆனால் இன்றைக்குத்தான் அந்த ஓட்டைகளை உற்றுப் பார்த்தாள்.

"மாமா, எந்த மெஷினா இருந்தாலும் எண்ணெய் ஓட்டை இருக்குமா?"

"சுத்துத மெஷின்னா இல்லாம இருக்குமா தாயி?"

அவ்வளவுதான். தேஜஸ்ரீ ஓடினாள். பின்னாலேயே ரோஸ்மேரியும் ஓடினாள். பச்சை மெஷினில் தேடினால் ஒரு ஓட்டைகூட இல்லை! ஆனால் சக்கரம் மாட்டியிருந்த இடத்தில் பெயிண்ட் கொஞ்சம் புடைத்திருந்தது, கொசு கடித்த மாதிரி. பல் சக்கரத்துக்கு மேலும் அதே மாதிரி. தண்டுக்குப் பக்கத்திலும்.

சுரண்டிப் பார்த்தாள். பச்சைக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் சிவப்பு. பூஜைக்குப் பூஜை பெயிண்ட் அடிக்கிற பழக்கம் வெள்ளகோவிலிலும் உண்டு போல. சிவப்பையும் சுரண்டியதும் சின்னக் குழி ஒன்று தெரிந்தது. கோணி ஊசியை விட்டு மெதுவாகக் கிண்டினாள். மஞ்சளாகப் பொடி கொட்டியது.

ரோஸ்மேரி விரலில் தொட்டு மோந்தாள். "ஏ, இது சந்தனம்லா?"

ஆமாம், சந்தனம்! நடுநடுவே குங்குமம்! வருஷா வருஷம் வைத்த பொட்டு ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, சிமெண்ட் மாதிரி எண்ணெய் ஓட்டைகளை அடைத்திருந்தது.

ரோஸ்மேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யாரு பிள்ள அது, எண்ணெய் ஓட்டையில போய்ச் சந்தனத்த வச்சது?"

தேஜஸ்ரீயும் சிரிக்க வாயைத் திறந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள். யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியுமே! அம்மாவுக்குத் தெரிந்தால் எவ்வளவு வருத்தப்படுவார்! ஓர் எட்டில் போய்த் துணியை எடுத்து, கொட்டிய பொடியை அவசர அவசரமாகத் துடைத்தாள்.

"என்னடி வாசம் இது, கோயில் மாதிரி?" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

சந்தனத்தை எங்கே ஒளித்து வைப்பது? துணியைப் பின்னால் மறைத்தாள். வாசத்தை மறைக்க முடியுமா? அம்மா துணியை வாங்கிப் பார்த்தார். அப்புறம் அந்தக் குழியைப் பார்த்தார்.

"நல்லா உருண்டையா குழி இருந்துச்சு. பொட்டு வைக்கறதுக்குன்னே வெச்சிருக்காங்கன்னு நெனைச்சேன்," என்றார் மெல்ல. "அப்போ இதை நிறுத்துனதே நான்தானா?"

"இல்லீங்கம்மா... பெயிண்டும்தான் அடைச்சுது..." என்று இழுத்தாள் தேஜஸ்ரீ.

அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்கப்பாவுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? கரண்டு மெஷின் வந்த பொறகு இது சும்மாதான் நின்னுது. நான் ஆசையா வெக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லாம தூக்கிப் புடிச்சுட்டு நின்னிருக்காரு பாரு!"

அப்படிச் சொன்னபோது அம்மாவின் முகம் சின்னப் பிள்ளை முகமாக இருந்தது. தேஜஸ்ரீ அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாடா, அம்மாவுக்கு வருத்தமே இல்லை!

"சரி, அடைச்ச ஆளே சுத்தம் பண்ணட்டும்," என்று அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அம்மா பல் சக்கரங்களில் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். தேஜஸ்ரீ ஊசியால் குழிகளைக் கிண்டினாள். ரோஸ்மேரி பெயிண்ட்டைச் சுரண்டியதைவிடத் தன் பாவாடையில் கொட்டிக்கொண்டதுதான் அதிகம். கடைசியில் ஆரோக்கியராஜ் கொடுத்த தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டார்கள். இரும்பு அதைக் குடித்துக்கொண்டே இருந்தது. மறுநாளும் விட்டார்கள். நன்றாக ஊறட்டும் என்று கைப்பிடியை மட்டும் யாரும் தொடவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் காலை. புது ஓவர்லாக் மெஷினுக்கான இரும்பு ஸ்டாண்டில் அப்பா கரண்டு டிரில்லால் துளை போட்டுக்கொண்டிருந்தார். கொர்ர்ர் என்ற சத்தம் பொசுக்கென்று நின்றது. கரண்டு போய்விட்டது. அந்த வருஷம் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குமே தெரியாது.

"போச்சுடா! இன்னும் ரெண்டு துளை பாக்கி இருக்குதே!" என்று அப்பா தலையில் கை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மூன்று சக்கர வண்டி மணி அடித்தது. "ஏனுங்க, பழைய இரும்பு எங்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே அங்கமுத்து உள்ளே வந்தார்.

தேஜஸ்ரீ அங்கமுத்துவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சித்தெ இருங்க மாமா!" என்றவள், அப்பாவிடம் திரும்பினாள். "அப்பா, அந்த டிரில் கம்பியைக் கொஞ்சம் கழட்டிக் கொடுங்க."

அப்பா ஒன்றும் புரியாமல் கொடுத்தார். தேஜஸ்ரீ அதைத் தண்டின் வாயில் செருகித் திருகாணியை இறுக்கினாள். அப்பாவும் ஆரோக்கியராஜும் ஸ்டாண்டைத் தூக்கித் தட்டின் மேல் பிடித்தார்கள். அம்மா கைப்பிடியைப் பிடித்தார்.

முதலில் கிர்ர்க் என்று ஒரு முனகல். அப்புறம் சக்கரம் அசைந்தது. அப்புறம் சுற்றியது! பல் சக்கரங்கள் கடகடவென்று ஓட, தண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. இரும்பிலிருந்து வெள்ளி மாதிரி ஒரு சுருள் எழும்பி வளைந்து வளைந்து வந்தது. எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

டக்! துளை விழுந்துவிட்டது. ரோஸ்மேரி விசில் அடித்தாள்.

அப்பா துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "கரண்டு மெஷின்கூட இத்தனை சுத்தமாப் போடாது!" என்றார். பிறகு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓவர்லாக்கை அந்த ஜன்னலோரம் போட்டுக்கலாம். வெளிச்சமும் நல்லா வரும்," என்றார்.

"அப்போ இரும்பு இல்லீங்களா?" என்றார் அங்கமுத்து.

"இல்லீங்க. இது எங்கூட்டுக்காரம்மா பங்கு," என்றார் அப்பா. "சும்மா அனுப்பறதுக்கு மன்னிச்சுக்கோங்க."

அங்கமுத்து போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "வண்டியில ஒரு இரும்புப் பட்டை லொடலொடன்னு ஆடுதுங்க. கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கறேன். ஒரு துளை இருந்தா போல்ட் போட்டுக்குவேன்..."

"கழட்டிக் கொண்டாங்க!" என்றார் அம்மா.

அந்தப் பட்டையிலும் துளை விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த டீ அண்ணன், தன் டீ ஸ்டாண்டின் கைப்பிடியை நீட்டினார். அதற்கும் ஒரு துளை. அப்பா சுற்றுகிறேன் என்று கை நீட்டினார். ஆரோக்கியராஜும் கேட்டார். அம்மா யாருக்கும் கைப்பிடியைக் கொடுக்கவே இல்லை.

நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அடுத்தது யாருங்க?"