ருக்கையா மாமியின் திறந்த வாய்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டில் இருந்தவர்கள்: ஷாஹிரா, அவள் அண்ணன் சாஹித், உம்மா, விருந்துக்கு வந்த ருக்கையா மாமி. ஒரு பூனையும் இருந்தது. மாமியும் பூனையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பிரியாணி மயக்கத்தில் மாமி சோபாவில் சாய்ந்திருந்தார். முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. வாய் நன்றாகத் திறந்திருந்தது.

ஷாஹிரா பென்சிலை எடுத்தாள்.

பதினோரு வயது ஷாஹிரா ஓவிய வகுப்புக்குப் போகிறவள். ஆனால் வீட்டில் வரைவதை விட்டு ஒரு மாதமாகிறது. மேல்மாடித் தயாளன் அங்கிளை வரைந்ததுதான் காரணம். தலையில் கொஞ்சம் முடி வேண்டும் என்றார். பிறகு மீசை. பிறகு தொப்பையைக் குறைக்கச் சொன்னார். அழித்து அழித்து வரைந்ததில், கடைசியில் தாளில் யாரோ ஒரு சினிமா நடிகர் நின்றார். அங்கிளுக்கு ஒரே சந்தோஷம். ஷாஹிராவுக்குத்தான் பென்சிலைத் தொடவே பிடிக்காமல் போயிற்று.

இன்று கை தானாக ஓடியது. கன்னத்து மடிப்பு, மூக்கில் வழுக்கிய கண்ணாடி, அந்த வாய். பார்த்தது பார்த்தபடியே வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு, தான் வரைந்ததைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

சாஹித் எட்டிப் பார்த்தான். அவன் சிரித்த சிரிப்பில் மாமி விழித்துக்கொண்டார். பூனை ஓடிவிட்டது.

மாமி படத்தை வாங்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, வாய்க்குள்ள ஃபெர்ரி கப்பலே போகும் போல இருக்கு. மூடி விட்டுடு லா."

பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்று உம்மா அழிப்பானை நீட்டினார்.

ஷாஹிரா அதை வாங்கினாள். தேய்க்க மனம் வரவில்லை. தேய்த்தால் இதுவும் வேறு யாரோ ஆகிவிடும். நிமிர்ந்து பார்த்தாள். மாமி கோபமாக இல்லை. முக்காட்டை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். கூச்சம்தான்.

ஷாஹிரா அழிப்பானைக் கீழே வைத்தாள். புதுத் தாளும் பென்சிலும் எடுத்து மாமியிடம் கொடுத்தாள்.

"இப்ப நீங்க என்னை வரைங்க மாமி. எப்படித் தெரியுதோ அப்படியே போடுங்க."

பள்ளிக்கூடத்தோடு பென்சிலை விட்டாயிற்று என்று மாமி மறுத்தார். பிறகு ஒரு கோடு போட்டார். அப்புறம் யார் பேசியதும் அவர் காதில் விழவில்லை. ஷாஹிரா மூக்கைச் சொறிந்ததற்குத் திட்டு விழுந்தது. உம்மா வைத்த தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

ஒருவழியாகப் படம் முடிந்தது. முடி துடைப்பம் போல இருந்தது. ஒரு காது பப்பாளி அளவு. இன்னொரு காது இல்லவே இல்லை. மாமி அதைத் தள்ளிப் பிடித்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

காதைச் சரிசெய்து தருவதாக சாஹித் அழிப்பானோடு வந்தான். மாமி படத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கை வைக்காத. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சிச்சு."

சொல்லிவிட்டு மாமி தன் படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஷாஹிரா வரைந்த படத்தை மறுபடி எடுத்து, நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் தூங்கியிருக்கேன்," என்றார். "வாய் அப்படியே இருக்கட்டும் புள்ள."

கீழே மாமாவின் கார் ஹாரன் அடித்தது. மாமி வரைந்த படம் தனக்கு வேண்டும் என்று ஷாஹிரா கேட்டுப் பார்த்தாள்.

"உன்னோடது உன்கிட்ட. என்னோடது என்கிட்ட."

மாமி தன் படத்தை மடங்காமல் நெஞ்சோடு பிடித்தபடி லிஃப்டுக்குப் போனார். பென்சிலும் அவரோடு போயிற்று. உம்மா சிரித்துக்கொண்டே இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.