மூன்றாவது சொல்

அழித்துவிட்ட முகவரி ஒன்று பதில் சொன்னது.

டின்சி முதலில் அதைக் கவனிக்கவில்லை. வண்டிப்பெரியார் கடைவீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தக் கேபிள் நெட் அலுவலகத்துக்குள் மதியம் மூன்று மணிக்கே அந்தி மாதிரி இருட்டிக்கொண்டு வந்திருந்தது. மலையிலிருந்து இறங்கிய மஞ்சு மூட்டம் ஜன்னல் கண்ணாடியில் முகம் வைத்து நின்றது. கீழே பஸ்களின் ஹாரன் பஞ்சுக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கிக் கேட்டது. நனைந்த குடையின் வாடையும், ராப்பகலாய் ஓடும் மெஷின்களின் சூட்டு வாடையும் கலந்து அறை முழுக்கப் புழுங்கின.

தினமும் அந்த நேரத்தில் செய்கிற வேலைதான். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் நெட் எடுத்த ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் ஓர் எண் உண்டு, அதுதான் முகவரி. கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் பச்சை.

பச்சைகளுக்கு நடுவே ஏழாம் டிவிஷன், மூன்றாம் லயம், நான்காம் வீடு.

அந்த எண்ணை இரண்டு வருஷத்துக்கு முன் டின்சியே தன் கையால் அழித்திருந்தாள். அந்த வீடு கிடையாது. அந்த லயமே கிடையாது. ஒரு மழை இரவில் மலை இறங்கி வந்து மொத்தத்தையும் மூடிவிட்டது. நான்காம் வீட்டில் இருந்த மதலேனம்மாள், அவள் மகன் சுவக்கீன், பேத்தி சிஞ்சு மூன்று பேரும் கிடைக்கவே இல்லை. பன்னிரண்டாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

எண்ணை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்களோ என்று தேடினாள். யாருக்கும் கொடுக்கவில்லை.

இரண்டு மெஷின்கள் பேசத் தொடங்க மூன்று சொல் வேண்டும். தூரத்தில் இருப்பது ‘இருக்கியா’ என்று கேட்கும். இங்கே இருப்பது ‘இருக்கேன், நீ இருக்கியா’ என்று திருப்பிக் கேட்கும். ‘இருக்கேன்’ என்று அது மூன்றாவதாகச் சொன்னால்தான் வழி திறக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டின்சிக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

பதில் சொன்னதோடு நில்லாமல், அந்த முகவரி இப்போது தானே ‘இருக்கியா’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. அலுவலக மெஷின் பதில் சொன்னது. மூன்றாவது சொல் வரவில்லை. மறுபடி முதல் சொல். மறுபடி. திரையில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறின. நாற்பது. நூற்றுப்பத்து. ‘இருக்கேன்’ என்பதை மட்டும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு முகவரிக்குப் பல வாசல்கள் உண்டு; வாசலுக்கு ஓர் எண். அது அலுவலக மெஷினின் எந்த வாசலைத் தட்டுகிறது என்று பார்த்தாள். புகார் எழுதுகிற வாசல்.

மலை இறங்கிய அன்று சாயங்காலம் நான்காம் வீட்டிலிருந்து செல்போன் வழியாக ஒரு புகார் வந்திருந்தது. லைன் போய்விட்டது, ஆள் அனுப்புங்கள் என்று. டின்சி மழையைப் பார்த்தாள், ‘நாளை’ என்று குறித்தாள், குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஆள் போயிருந்தால் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததைப் பார்த்திருப்பான் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்தப் புகாரைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

லைன்மேன் பிச்சைமணியைப் போனில் கூப்பிட்டாள். ஆறாம் டிவிஷனில் வேலையாக இருந்தார். பழைய லைனில் யாரோ திருட்டுக் கொக்கி போட்டிருப்பார்கள், பக்கம்தானே, போய்ப் பார்த்து வெட்டிவிடுகிறேன் என்றார். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கால்மணி நேரம் கழித்து வரிகள் நின்றன.

மூன்றாவது சொல் வந்துவிட்டது.

புகார்ப் பக்கம் தானாகத் திறந்தது. வீட்டு எண், தேதி, நேரம். தேதி இன்றையது. அதன் கீழே:

லைன் போச்சு. ஆள் அனுப்புங்க.

பிச்சைமணியின் நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள்.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“லயம் இருந்த எடத்துலதாம்மா. கேபிள் போஸ்ட்ல இருந்து எறங்கி மண்ணுக்குள்ள போவுது. யாரு இழுத்ததுன்னு தெரியல.”

“தொடாதீங்கண்ணே. வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.”

“வெட்டிவிட்டாத் தீந்துச்சு. இரு, எங்க போவுதுன்னு இழுத்துப் பாக்கேன்.”

மழை. சேற்றில் பூட்ஸ் புதைந்து எழும் சத்தம். அவருடைய மூச்சு. பிறகு மூச்சு நின்றது.

“டின்சி.” குரல் தாழ்ந்திருந்தது. “அந்தப் பக்கமும் இழுக்காங்க.”

கேபிள் வெட்டும் கொறடு கல்லில் விழுந்தது. சேற்றில் கனமான ஒன்று நீளமாக வழுக்கிப் போனது. அவ்வளவுதான். அவர் கத்தவில்லை.

போன் துண்டிக்கப்படவில்லை. விநாடிகள் ஓடின. ஆனால் மழைச் சத்தம் இல்லை. காற்று இல்லை. எல்லாப் பக்கமும் அடைத்த இடத்தின் அமைதி. அதற்குள் யாரோ நாக்கைப் புரட்டினார்கள், வாயில் மண் இருப்பதுபோல.

“இருக்கியா?”

பிச்சைமணியின் குரல் இல்லை. ஒரு கிழவியின் குரல்.

டின்சி இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போனை மேசையில் வைத்தாள். கவிழ்த்து வைத்தாள். திரையில் புகாரின் நிறம் மாறியிருந்தது. நிலை: முடிந்தது. முடித்தவர்: வாடிக்கையாளர்.

ஆள் வந்தாச்சு.

எழுந்தாள். நாற்காலி சாய்ந்தது. சுவரோர அலமாரிக்குள் விளக்குகள் சிமிட்டின. ஏழாம் டிவிஷன் ஃபைபர், மேலிருந்து மூன்றாவது. பிடித்தாள். பிடுங்கினாள். கையோடு வந்தது.

பச்சை அணையவில்லை.

ஃபைபர் செருகியிருந்த துளையைப் பார்த்தாள். குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். அதன் வாயில் செம்மண் நீர் ஒரு சொட்டு திரண்டது. விழவில்லை. மெல்ல உள்ளே போனது. திரும்பவும் திரண்டது. உள்ளே போனது.

திரண்டது.