தட்டப்படாத கதவு

ஒலித்தட்டில் கதவு தட்டும் சத்தத்தைக் காணவில்லை.

வெர்னா முள்ளைத் தூக்கிக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பார்த்தாள். காற்று ஊளையிட்டது. பனியை மிதித்துக்கொண்டு எதுவோ வீட்டை நெருங்கியது. அடுத்து அவள் கணவர் ஆர்வில் கதவைத் தட்டியாக வேண்டும். முப்பது வருடங்களுக்கு முன்பு, கிளீவ்லாந்து வானொலி நிலையத்தில், நாடகங்களுக்குச் சத்தம் எழுப்பும் ஆளாக, அவள் கண்ணெதிரே தட்டினார். இப்போது அந்த இடத்தில் வெறும் கரகரப்புதான் இருந்தது.

"தட்டு தேஞ்சு போயிருக்கும்," என்றாள் நர்ஸ் டோரீன், கட்டிலில் கிடந்த ஆர்விலைப் பார்த்துக் கோட்டை மாட்டிக்கொண்டே. "நல்லதா ஒரு பாட்டு போடக் கூடாதா? பேய் நாடகத்தைப் போட்டா எந்த நோயாளிம்மா எந்திரிப்பான்?"

"பாட்டுக்கெல்லாம் இவர் அசைய மாட்டார். ஊரே விளக்கைப் போட்டுட்டு நடுங்கிக்கிட்டு கேட்ட நாடகம் இது. நடுங்க வச்சது இவர் கைதான்."

"அந்தக் கைக்கு இப்ப கரண்டி பிடிக்க வரல. சரி, பனி கொட்டுது, நான் வரேன். அந்தக் கதவை மட்டும் யார்கிட்டயாவது தள்ளிவிடுங்க."

அறை மூலையில் நின்ற ஒலிக்கதவைச் சொன்னாள்; நாடகங்களில் கதவுச் சத்தம் எழுப்பச் செய்த தனிக்கதவு. நிலையத்தை இழுத்து மூடியபோது ஆர்வில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தது. நிலை, தாழ்ப்பாள், குமிழ் எல்லாம் உண்டு. திறந்தால் பின்னால் சுவர்தான்.

டோரீனின் கார் சத்தம் தேய்ந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து ஆர்வில் கண்களை மட்டுமே அசைத்தார். ஒரு விரல் அசைந்தால் போதும், இனி எதையும் கேட்க மாட்டேன் என்று வெர்னா ஏங்கினாள். அந்த ஏக்கத்தில்தான் மறுபடி முள்ளை வைத்தாள்.

நாடகத்தில், தனி வீட்டில் ஒரு பெண். அழைக்காமல் உள்ளே வர முடியாத ஒன்று வாசலில். அவள் தெரியாமல் அழைத்துவிடுகிறாள், அலறுகிறாள், நாடகம் முடிகிறது. அந்தப் பெண்ணாக நடித்தவள் வெர்னாதான்.

சரக், சரக் என்று காலடி வந்தது. சோள மாவு அடைத்த தோல்பையைப் பிசைந்து ஆர்வில் உண்டாக்கிய காலடி. மாவின் வாசனைகூட வருவதுபோல் இருந்தது. வாசனை மூலையிலிருந்து வந்தது, குளிர்காற்றோடு. வெர்னா முள்ளைத் தூக்கிப் பாட்டுப்பெட்டியை நிறுத்தினாள்.

காலடி நிற்கவில்லை.

கதவுக்குப் பின்னால் வந்து நின்றது. தட்டியது.

ஆர்விலின் வலது கை போர்வையிலிருந்து எழுந்தது. "ஐயோ, ஆர்வில்! கை அசையுதுங்க!" அழுகையும் சிரிப்புமாக அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் இடமும் வலமுமாக உருண்டன. வேண்டாம். வேண்டாம். கைக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. விரல் நீண்டு அவளைச் சுட்டியது.

ஒலிபரப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் விரல்தான் பேச்சு. விரல் நீண்டால் நடிகை வாய் திறந்தாக வேண்டும். யோசிப்பவளுக்கு மறுநாள் வேலை இருக்காது.

"கதவு திறந்துதான் இருக்கு. உள்ள வாங்க," என்றாள் வெர்னா.

நாடகத்தில் அந்தப் பெண் அழைக்கும் அதே வரி என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

குமிழ் திரும்பியது. கதவு திறந்தது. பின்னால் சுவர் இல்லை. இருட்டு. பனி.

ஆள் யாரும் வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது. தரையில் சரக், சரக். அவளைத் தாண்டி. கட்டிலை நோக்கி. ஆர்விலின் அருகே மெத்தை அமுங்கியது. அவர் கண்கள் அவளையே பார்த்தன. பிறகு பார்க்கவில்லை.

கை மட்டும் இறங்கவில்லை. விரல் மறுபடி அவள் பக்கம் நீண்டது.

இப்போது அவள் அலற வேண்டும். வாய் திறந்தது. குரல் வரவில்லை.

நின்றுபோன தட்டிலிருந்து முப்பது வருடங்களுக்கு முந்தைய வெர்னா அலறினாள். விரல் நீண்டே இருந்தது. அலறல் ஓயவில்லை.