மூன்று முறை கூப்பிட்டார்கள்

"அந்த வழக்குக் கட்டை ஏற்கெனவே எடுத்தாச்சு, உள்ளே மேஜைல இருக்கு. உங்க வீட்டு அம்மா ஒருத்தங்க காலைல இருந்து படிச்சிட்டு இருக்காங்க."

கோர்ட் பதிவறைக் குமாஸ்தா தலையைத் தூக்காமலே சொன்னான். எதிரே நிற்பவர் யார், எந்த வீட்டுக்காரர் என்ற மரியாதை அவனுக்கு இல்லை.

பெரியவர் கைத்தடியை இறுக்கிப் பிடித்தார். அந்த வழக்கின் எண் அவரைத் தவிர உயிரோடிருக்கும் யாருக்கும் தெரியாது.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க கோர்ட் படி ஏறினதில்ல."

"ஏறாமத்தான் வழக்குப் போட்டாங்களா?"

போட்டவள் தம்பி மனைவி. தம்பி செத்த வருஷம், தன் பிள்ளையைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிப் பெரியவர் மேலேயே வழக்குப் போட்டாள். அந்தப் பிள்ளையை அவர் தன் மகன் என்றே சொல்லி வளர்த்துவிட்டார். அவன் மகளுக்குத்தான் இப்போது கல்யாணம். வீட்டில் வழக்கு வம்பு ஏதாவது உண்டா என்று சம்பந்தி கேட்டபோது, எங்களைப் பார்த்தா அப்படித் தெரியுதா என்று திருப்பிக் கேட்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா வக்கீல் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

"அதை எடுத்து உள்ள வெச்சுப் பூட்டு. ஒருத்தருக்கும் காட்டாத."

குமாஸ்தா சிரித்தான். "இது உங்க வீட்டு பீரோ இல்ல பெரியவரே. முடிஞ்ச வழக்கு, யார் வேணா பார்க்கலாம். எண்ணும் வருஷமும் சொன்னா உடனே எடுத்துத் தருவோம். தெரியலன்னா பேரை வெச்சுத் தேடுவோம். மனு எழுதிக் குடுத்துட்டு உள்ள உக்காந்து படிக்கலாம். நகல் வேணும்னா கட்டணம். யாரும் பார்க்கக் கூடாதுன்னா நீதிபதிகிட்ட உத்தரவு வாங்கிட்டு வாங்க."

"யார் அந்தப் பொம்பளை?"

"நீங்களே போய்ப் பாருங்களேன். பாவம், ரொம்ப மூச்சிழுப்பு அவங்களுக்கு."

பெரியவர் உள்ளே நடந்தார்.

கூரையைத் தொடும் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் போகும் அளவுக்கு வழி இருந்தது. இருபுறமும் துணியில் சுற்றிக் கட்டிய வழக்குகள், பழுத்த காகிதமும் எலிப்புழுக்கையும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த நாற்றம், எங்கோ விட்டு விட்டு முனகும் ஒரு குழல்விளக்கு, அந்த முனகலுக்கு அடியில், முதலில் விளக்கின் சத்தம் என்றே அவர் நினைத்த வேறொரு சத்தம். மெல்லிய விசில் போல உள்ளே போய், அடைத்து, வெளியே வர முடியாமல் திணறும் மூச்சு.

அவர் நின்றார். மூச்சும் நின்றது.

இழுப்பு ஊரில் ஆயிரம் பேருக்கு உண்டு என்று சொல்லிக்கொண்டு மேலே நடந்தார். தம்பி மனைவிக்கும் இருந்தது. விசாரணை நாளில் கோர்ட் வாசலில் டவாலி மூன்று முறை பெயரைக் கூப்பிடுவான்; ஆள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. பெரியவர் செய்தது அவ்வளவுதான். அவளைப் பின்கட்டு அறையில் விட்டுப் பூட்டி, கதவோரம் நாற்காலி போட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு உடம்பு சரியில்லை, வரமாட்டாள் என்று கோர்ட்டுக்கு ஆள்விட்டுச் சொன்னார். உள்ளே சுரண்டிய சத்தம் மத்தியானம் நின்றது. சாயங்காலம்தான் திறந்தார். கதவின் உட்புறத்துப் பச்சை வர்ணத்தை ஆசாரியைக்கூட நம்பாமல் அவரே இழைத்து எடுத்தார். குடும்பத்தின் கௌரவத்தை வேறு எப்படிக் காப்பதாம்?

படிக்கும் அறையில் யாரும் இல்லை.

மேஜைமேல் கட்டு அவிழ்ந்து கிடந்தது. கடைசித் தாள் மேலே இருந்தது. மும்முறை அழைத்தும் மனுதாரர் ஆஜராகவில்லை; தள்ளுபடி. அந்த வரியின்மேல் சின்னச் சின்னச் சிலாம்புகள் சிதறியிருந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

மரம். ஒரு பக்கம் பச்சை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே பூட்டு திரும்பியது.

"யாருடா அது? கதவைத் திற!"

நாற்காலி ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் சத்தம். கதவருகே வந்தது. நின்றது.

பிறகு வெகுதூரத்திலிருந்து, நீண்ட வராந்தாவில் எதிரொலிக்கும் டவாலியின் குரல். முதலில் வழக்கு எண். அப்புறம் அவள் பெயர்.

ஒரு முறை.

வராதே, என்றார் மனசுக்குள்.

இரண்டு முறை.

வராதே.

மூன்றாவது கூப்பாடு முடியுமுன், கதவின் அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், இழுப்போடு ஒரு குரல்:

"இருக்கேங்க."

அடுத்ததாக அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா பெயரோடு.

"நான் இங்க இருக்கேன்!" கத்தத்தான் வாயைத் திறந்தார். நெஞ்சு அடைத்தது. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. விசில் போல ஒரு சத்தம் மட்டும் வந்தது. அவர் தொண்டையிலிருந்து.

கதவில் அறைந்தார். ஓங்கி. சத்தமே எழவில்லை. சுரண்டினார். பச்சை வர்ணம் நகத்துக்குள் ஏறியது.

இரண்டாவது முறை.

பலகைகளுக்கு நடுவே ஒரு விரிசல். முட்டி மடங்கி, கண்ணை வைத்தார்.

நாற்காலியில் அவள். முதுகு மட்டும் தெரிந்தது. மழையில் நனைந்தவள்போல ஒட்டிய தலைமுடி. வராந்தாவைப் பார்த்து, பணிவாக, யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"மாமாவுக்கு உடம்பு சரியில்லைங்க. வரமாட்டாரு."

மூன்றாவது முறை அவர் பெயர் ஒலித்தது.

அவள் திரும்பவில்லை. மடியில் இருந்த சாவியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், ஒன்றில்கூட நகமில்லாத விரல்களால்.