கருடனுக்கு ஒரு திரை

வைத்திக்குப்பம் தனக்கொடிக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. நேராக ஜெயம் அக்காவின் தோட்டத்துக்குத்தான் ஓடுவாள்.

ஜெயம் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய தோட்டத்திலும் நோயாளிகள்தான். ஓடு உடைந்த ஆமை, ஒற்றைக்கண் ஆந்தை, தாயை இழந்த அணில் குஞ்சுகள். ஆந்தைக்குப் பகலெல்லாம் தூக்கம். அணில்களுக்கு எந்நேரமும் பசி.

இப்போது புதிதாக ஒரு கருடன் வந்திருந்தது. காத்தாடியின் மாஞ்சா நூல் இறக்கையை அறுத்துவிட, அது கடற்கரையில் விழுந்து கிடந்தது. தனக்கொடிதான் அம்மாவின் மீன் கூடையில் வைத்துத் தூக்கி வந்தாள்.

"காயம் ஆறிடும் தனம். ஆனா நேத்துலேருந்து ஒண்ணுமே தின்னல. இப்படியே கிடந்தா பொழைக்காது" என்றார் ஜெயம் அக்கா.

எப்படித் தின்னும்? கூண்டைச் சுற்றித் தெருவே திரண்டு நின்றது. ஒருவர் கற்பூரம் கொளுத்தினார். இன்னொருவர் துளசி மாலையை உள்ளே வீசினார். எல்லோருக்கும் முன்னால் செம்பு நிறையப் பாலோடு பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் நின்றார். கருடன் மூலையில் ஒடுங்கி நடுங்கியது.

தனக்கொடி மத்தி மீனை எடுத்ததுதான் தாமதம், குஞ்சம்மாள் அலறினார்.

"ஐயையோ! சனிக்கிழமையும் அதுவுமா சாமிக்குக் கவிச்சியா?"

"அதுக்கு மீன்தாம்மா சாப்பாடு" என்று ஜெயம் அக்கா சொல்லிப் பார்த்தார். குஞ்சம்மாள் காதில் ஏறவில்லை. அவரை அதட்டவும் அக்காவுக்கு மனம் வரவில்லை. அணில்களுக்குத் தினமும் வாழைப்பழம் கொடுப்பவரே அவர்தான்.

தனக்கொடி கருடனைப் பார்த்தாள். அது ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து மிரண்டது. சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது.

"பெரிம்மா, கோயில்ல சாமிக்குப் படைக்கறப்ப இன்னா பண்ணுவாங்க?" என்று குஞ்சம்மாளிடம் கேட்டாள்.

"திரை போடுவாங்க."

"ஏன்?"

"சாமி சாப்பிடறத நாம பாக்கக் கூடாதுடி!"

"அப்ப இங்க மட்டும் எல்லாரும் பாத்துக்கினு நின்னா எப்படி?"

குஞ்சம்மாள் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அவருடைய மஞ்சள் புடவை இருந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க! சாமி சாப்பிடப் போவுது!"

கூண்டைச் சுற்றிப் புடவையைக் கட்டினார்கள். கூட்டம் வாசலுக்குப் போனது. தனக்கொடி கூடையோடு திரைக்குள் நுழைந்து, மீனை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"உள்ள இன்னா படைச்ச?" என்று குஞ்சம்மாள் கிசுகிசுத்தார்.

"திரைக்குள்ள நடக்கறதக் கேக்கலாமா பெரிம்மா?"

குஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே 'சரக் சரக்' என்று சத்தம் கேட்டது. ஜெயம் அக்கா மெல்ல எட்டிப் பார்த்தார். ஒரு மீன் வால்தான் மிச்சம். தனக்கொடி சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குதித்தாள்.

அன்று முதல் மஞ்சள் திரைக்குக் காவல் குஞ்சம்மாள்தான். யாரையும் கிட்டே விடமாட்டார். கற்பூரம் கொண்டு வந்தவர்களிடம், "அத வூட்ல வச்சிட்டு, அணிலுக்குப் பழம் வாங்கியாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அணில்கள் கொழுத்தன. கருடனும் தேறியது.

ஒரு காலையில் வைத்திக்குப்பம் கடற்கரையில் தனக்கொடி கூடையைத் திறந்தாள். கருடன் தத்தியது, இறக்கையை விரித்தது, எழும்பியது. படகுகளுக்கு மேலே வட்டமடித்தது.

"கிருஷ்ணா, கிருஷ்ணா!" என்று குஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வட்டமடித்த கருடன் சர்ரென்று கீழே பாய்ந்தது. தனக்கொடியின் அம்மா விற்க வைத்திருந்த மத்தி மீன்களில் ஒன்றைக் கவ்விக்கொண்டு பறந்தது. எல்லோரும் குஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் பாக்கல. திரை போட்டுட்டேன்!"